ஈறு நோய் வந்தவர்கள் பல் இம்ப்ளான்ட் வைக்கலாமா? அவசரப்பட்டால் என்ன ஆகும்?

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. ஈறு இறங்கி, பல் முன்பைவிட நீளமாகத் தெரிகிறது. பற்களுக்கு நடுவே புதிதாகச் சந்து விழுந்திருக்கிறது. ஆனால், வலி இல்லை. அதனால் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் ஆடுவது தெரிந்த பிறகுதான் பல் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள்.

அங்கே அவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "ஆடுற பல்லை எல்லாம் எடுத்துட்டு இம்ப்ளான்ட் வெச்சிடலாமா டாக்டர்? அதுக்கப்புறம் பிரச்னையே வராதுல்ல?"

முதல் கேள்விக்குப் பதில்: வைக்கலாம், ஆனால் ஈறு நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான். இரண்டாவது கேள்விக்குப் பதில்: வரலாம். பல்லை அரித்த அதே நோய், இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் வரக்கூடும். பல ஆயிரங்களைச் செலவழிப்பதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

இம்ப்ளான்ட் என்பது என்ன?

பல் இம்ப்ளான்ட் என்பது செயற்கையான பல் வேர். பெரும்பாலும் டைட்டானியம் உலோகத்தால் ஆன சின்னத் திருகு இது. இதைத் தாடை எலும்புக்குள் பொருத்துவார்கள். சில மாதங்களில் எலும்பு அந்தத் திருகோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஓர் இணைப்புத் துண்டையும், அதற்கும் மேல் பல் வடிவத்தில் ஒரு 'கேப்'பையும் மாட்டுவார்கள். பக்கத்துப் பற்களை ராவ வேண்டியதில்லை, கழற்றி மாட்ட வேண்டியதும் இல்லை.

எலும்பும் டைட்டானியமும் இப்படிச் சேரும் என்பதை 1950-களில் கவனித்தவர் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965-ல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு அவர் முதன்முதலாக இந்த முறையில் பல் பொருத்தினார். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இம்ப்ளான்ட்டுகள் வேலை செய்தன.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லார்சன் பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர். ஈறு நோயால் பல் போனவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்குப் பல்லோடு சேர்ந்து, அதைத் தாங்கும் எலும்பும் கரைந்திருக்கும். அதைக் கரைத்த காரணங்களும் வாயிலேயே இருக்கும்.

ஈறு நோய் உள்ளே என்ன செய்கிறது?

சரியாகச் சுத்தம் செய்யாத பல்லின் மேல், ஈறு ஓரமாகக் கிருமிகள் ஒரு படலமாகப் படியும். நாளாக ஆக அது கல் போலக் கெட்டியாகிவிடும். கிருமிகளை எதிர்த்து உடல் போராடும்போது ஈறு சிவந்து, வீங்கி, தொட்டாலே ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அப்படியே விட்டால், சிலருக்கு நோய் ஈறைத் தாண்டி உள்ளே இறங்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு ஆழமாகிக்கொண்டே போகும். பல் மருத்துவர்கள் இதை 'பாக்கெட்' என்பார்கள். ஆரோக்கியமான வாயில் இதன் ஆழம் 3 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். 6 மில்லிமீட்டரைத் தொட்டால் நோய் நன்றாக முற்றியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே தாடை எலும்பு கரையும், பிடிமானம் போய் பல் ஆடும்.

கரைந்த எலும்பு தானாக முன்பிருந்த அளவுக்கு வளராது. சிகிச்சையால் நோயை நிறுத்தலாம். நடந்த சேதத்தை முழுமையாகச் சரிசெய்வது கஷ்டம். முற்றிய ஈறு நோய் உலகம் முழுவதும் சுமார் 100 கோடிப் பேரைப் பாதித்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதனால் இது யாரோ சிலருக்கு மட்டும் வருகிற பிரச்னை இல்லை.

பல்லை எடுத்துட்டா ஈறு நோய் போயிடுமா?

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எடுத்த பல்லைச் சுற்றியிருந்த பாக்கெட் போய்விடும், உண்மைதான். ஆனால், ஈறு நோய் ஒரு பல்லோடு நிற்பது அரிது. மீதமுள்ள பற்களின் பாக்கெட்டுகளில் அதே கிருமிகள் இருக்கும். நேற்று வைத்த இம்ப்ளான்ட்டுக்கு அங்கிருந்து பரவ அதிக நாள் ஆகாது. எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டாலும்கூட, நாக்கு, உமிழ்நீர் போன்ற இடங்களில் இந்தக் கிருமிகளில் சில தங்கியிருக்க முடியும்.

கிருமி மட்டுமே காரணமும் இல்லை. ஒருவரின் உடல் அந்தக் கிருமியை எதிர்கொள்ளும் விதம், பரம்பரை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் ஈறு நோய் வேகமெடுக்கிறது. பல்லை எடுப்பதால் இவற்றில் எதுவும் மாறப்போவதில்லை.

இம்ப்ளான்ட்டுக்கு 'சொத்தை' வராது... அப்போ வேறென்ன வரும்?

டைட்டானியத்துக்குச் சொத்தை வராது என்பது சரி. ஆனால், இம்ப்ளான்ட்டைச் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் உயிருள்ளவை. அங்கே அழற்சி வரும். இதில் இரண்டு கட்டங்கள் உண்டு.

முதல் கட்டத்தில் இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள ஈறு மட்டும் சிவந்து வீங்கும், ரத்தம் கசியும். இந்த நேரத்தில் முறையாகச் சுத்தம் செய்து, வீட்டுப் பராமரிப்பையும் சரிசெய்தால் குணமாக வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கட்டம் 'பெரி-இம்ப்ளான்டைட்டிஸ்'. இதில் எலும்பு கரையத் தொடங்கிவிடும். இதற்கு வெறும் சுத்தம் செய்வது பல நேரங்களில் போதாது, ஈறைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும். அதற்கும் கட்டுப்படாவிட்டால் இம்ப்ளான்ட்டையே எடுக்க நேரிடும். அப்போது அந்த இடத்தில், முதன்முறை இருந்ததைவிடக் குறைவான எலும்புதான் மிஞ்சும்.

இயற்கையான பல்லைவிட இங்கே வேகம் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. இயற்கையான பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. ஈறின் நார்களும் பல் வேரின் மேற்பரப்புக்குள் நுழைந்து பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டில் அந்த நார்த்திசு இல்லை. ஈறின் நார்கள் அதை ஒட்டிப் படுத்திருக்குமே தவிர, உள்ளே நுழைந்து பிடிக்காது. ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் அழற்சி ஆரம்பித்தால் எலும்புவரை போக அங்கே தடை குறைவு.

இன்னொரு சிக்கல், எலும்பு கரையும்போதும் இம்ப்ளான்ட் பெரும்பாலும் ஆடாது. கீழ்ப்பகுதியில் கொஞ்சம் எலும்பு பிடித்திருந்தாலே உறுதியாக நிற்கும். 'ஆடலையே, நல்லாத்தான் இருக்கு' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாதி எலும்பு போயிருக்கலாம். அது ஆடத் தொடங்கினால், காப்பாற்றும் கட்டம் பெரும்பாலும் தாண்டிவிட்டது என்றே அர்த்தம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் 2017-ல் கூடி, ஈறு நோய்களுக்கும் இம்ப்ளான்ட்டைச் சுற்றி வரும் நோய்களுக்கும் புதிய வகைப்பாட்டை வகுத்தன. பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் வர மூன்று முக்கியக் காரணங்களை அது சுட்டிக்காட்டியது. ஏற்கெனவே தீவிர ஈறு நோய் இருந்தது, வாயைச் சரியாகச் சுத்தம் செய்யாதது, வைத்த பிறகு பரிசோதனைக்கே போகாதது.

முதலாவதை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நோயாளியின் கையில் இருக்கிறது. ஈறு நோய் வந்தவர்களுக்கு இதில்தான் நம்பிக்கையும் இருக்கிறது. நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்து, தொடர்ந்து பராமரிக்கும் பலருக்கு இம்ப்ளான்ட் நீண்ட காலம் நிற்கிறது. ஈறு நோயே வராதவர்களைவிட இவர்களுக்குச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். 'உங்களுக்கு இம்ப்ளான்ட்டே கூடாது' என்று இதற்கு அர்த்தம் இல்லை.

புகைப்பழக்கமும் கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் ஈறு நோயை வேகப்படுத்தும். ஒரு நாளைக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல் பிடிப்பவர்களையும், மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு 7 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள சர்க்கரை நோயாளிகளையும், நோய் வேகமாக முற்றக்கூடிய பிரிவில்தான் அந்த வகைப்பாடு வைக்கிறது. புகைப்பவர்களுக்கு எலும்பில் இம்ப்ளான்ட் ஒட்டாமல் போகும் வாய்ப்பும் அதிகம்.

ஆடுற பல்லை எடுத்தே ஆகணுமா?

அவசியம் இல்லை. லேசாக ஆடும் பற்கள், நோயைக் கட்டுப்படுத்திய பிறகு ஓரளவு இறுகுவது உண்டு. நன்றாகப் பராமரித்தால் எலும்பு கொஞ்சம் குறைந்த பல்லும்கூடப் பல ஆண்டுகள் உழைக்கும். அதனால் 'எல்லாத்தையும் எடுத்துடலாம்' என்ற முடிவை முதல் நாளே எடுக்கத் தேவையில்லை. சிகிச்சைக்குப் பிறகு எந்தப் பல் தேறுகிறது, எது தேறவில்லை என்று பார்த்து முடிவு செய்யலாம். தாங்கவே முடியாத நிலையில் உள்ள பற்களை மட்டும் முதலிலேயே எடுப்பார்கள்.

ஒன்றுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தைக் கேட்பதில் தப்பே இல்லை. குறிப்பாக, ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்த 'பீரியோடான்டிஸ்ட்' ஒருவரிடம் காட்டுவது நல்லது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட, பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு. பரிசோதனையையும் ஈறு சிகிச்சையையும் அங்கேயே தொடங்கலாம்.

எந்த வரிசையில் சிகிச்சை நடக்க வேண்டும்?

1. முழுப் பரிசோதனை. மெல்லிய அளவுகோல் ஒன்றால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் பாக்கெட்டின் ஆழத்தை அளந்து குறிப்பார்கள். எக்ஸ்-ரேயும் எடுப்பார்கள்.

2. ஈறு சிகிச்சை. முதலில் ஸ்கேலிங், பிறகு தேவைப்படும் இடங்களில் ஈறுக்கு அடியில் உள்ள வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வது. வீட்டில் எப்படித் துலக்குவது என்று கற்றுக்கொடுப்பதும் இதில் சேரும்.

3. காத்திருப்பு. ஈறு ஆற வேண்டும். பொதுவாக 2 முதல் 3 மாதங்கள் கழித்து மறுபடியும் அளந்து பார்ப்பார்கள்.

4. முடிவு. எங்கேயும் 6 மில்லிமீட்டர் பாக்கெட் இருக்கக் கூடாது, தொட்டால் ரத்தம் வரும் ஆழமான பாக்கெட்டுகள் மிஞ்சக் கூடாது. இதுதான் இலக்கு. அது எட்டாவிட்டால், அந்த இடங்களுக்கு ஈறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

5. இம்ப்ளான்ட். இதற்குப் பிறகுதான் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் பார்த்து, எங்கே, எத்தனை வைப்பது என்று திட்டமிடுவார்கள். போன ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் இம்ப்ளான்ட் என்று கணக்கு இல்லை. இரண்டு இம்ப்ளான்ட்டுகளின் மேல் மூன்று பற்களைத் தாங்கவைக்கவும் முடியும்.

'க்ளீனிங் பண்ணா பல் ஆடிடும்' என்ற பயத்தால் பலரும் இரண்டாவது படிக்கே வருவதில்லை. உண்மை என்னவென்றால், பற்களுக்கு நடுவே அடைந்திருந்த கல் போனதும் அதுவரை மறைந்திருந்த சந்தும் ஆட்டமும் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றியதும் ஈறு கொஞ்சம் இறங்கியது போலவும் தோன்றும். பல்லை ஆடவைத்தது நோய்தான், சுத்தம் செய்தது அல்ல. 'மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்' என்பதற்கும் எந்த அடிப்படையும் கிடையாது.

எலும்பு போதலைன்னா?

ஈறு நோயால் பல் போனவர்களுக்கு இது அடிக்கடி வரும் பிரச்னை. எலும்புத் துகள் வைத்து வளர்க்கும் 'போன் கிராஃப்ட்' முறை இதற்கு உதவும். மேல் தாடையின் கடைவாய்ப் பகுதியில், சைனஸ் அறையின் அடித்தளத்தை உயர்த்தி எலும்பு சேர்ப்பார்கள். இப்படிச் செய்தால், அந்த எலும்பு கெட்டிப்படவே பல மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகு வைக்கும் இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்ட, வழக்கமான முறையில் 3 முதல் 6 மாதங்கள். ஆக, ஈறு சிகிச்சையில் தொடங்கி கடைசி கேப் மாட்டும்வரை ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

'ஒரே நாளில் பல்' விளம்பரங்களை நம்பலாமா?

பல் எடுத்த அன்றே இம்ப்ளான்ட் வைத்து, சில நாட்களுக்குள் தற்காலிகப் பல் மாட்டும் முறைகள் உண்மையிலேயே இருக்கின்றன. பொருத்தமான எலும்பும், கட்டுக்குள் இருக்கும் ஈறும் உள்ளவர்களுக்கு அவை பலன் தரலாம். ஆனால், சீழும் ரத்தமுமாக இருக்கும் ஈறுக்குச் சிகிச்சையே தராமல், பாக்கெட்டை அளந்துகூடப் பார்க்காமல், 'இன்னைக்கே வெச்சுடலாம்' என்று யாராவது சொன்னால் நிதானிக்க வேண்டும். இம்ப்ளான்ட் ஒட்டிக்கொண்டதா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். அதைச் சுற்றி எலும்பு நிற்கிறதா என்பது தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தள்ளுபடியோ, மாதத் தவணையோ இதை மாற்றாது.

மருத்துவரிடம் எதையெல்லாம் மறைக்கக் கூடாது?

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ தரப்படும் சில மாத்திரைகளும் ஊசிகளும் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கும். சோலெட்ரானிக் ஆசிட் ஊசி இதற்கு ஓர் உதாரணம். 'வருஷத்துக்கு ஒரு ஊசிதானே' என்று சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிகரெட், பீடி, வெற்றிலை-புகையிலை பழக்கத்தையும் சங்கடப்படாமல் சொல்வது நல்லது.

வைத்த பிறகு என்ன செய்யணும்?

தினமும் இரண்டு வேளை துலக்குவதோடு, பல் இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்ஷால் இம்ப்ளான்ட்டின் பக்கவாட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த பிரஷ் நுழைய இடம் விட்டுத்தான் கேப்பின் வடிவம் இருக்க வேண்டும். பார்க்க அழகாக இருந்து, சுத்தம் செய்ய வழியில்லாத கேப் பிற்பாடு தொல்லை தரும். கேப்பை ஒட்டும் சிமென்ட் ஈறுக்குள் தங்கிவிட்டாலும் அழற்சி வரலாம்.

கேப் மாட்டிய உடனே ஓர் எக்ஸ்-ரே எடுத்து, அந்த நேரத்துப் பாக்கெட் அளவையும் குறித்து வைக்க வேண்டும். பின்னாளில் எலும்பு குறைந்திருக்கிறதா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதன் நகலையும், எந்த நிறுவனத்தின் எந்த அளவு இம்ப்ளான்ட் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலோ, மருத்துவர் மாறினாலோ அது கட்டாயம் தேவைப்படும்.

ஈறு நோய் இருந்தவர்கள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கும் சுத்தம் செய்வதற்கும் போக வேண்டும். இம்ப்ளான்ட்டுக்கு மட்டுமல்ல, மீதமுள்ள பற்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கீழே உள்ளவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது:

- இம்ப்ளான்ட்டைச் சுற்றி ரத்தம் அல்லது சீழ் வருவது
- ஈறு வீங்குவது, சிவப்பது, இறங்குவது
- அந்த இடத்தில் கெட்ட வாடை அல்லது கசப்புச் சுவை
- கேப்போ இம்ப்ளான்ட்டோ அசைவது போன்ற உணர்வு

செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு வேறு வழி?

இந்தியாவில் பெரும்பாலான வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் பல் போனால் தவிர, இம்ப்ளான்ட் செலவைத் தருவதில்லை. கையிலிருந்துதான் போட வேண்டும். இம்ப்ளான்ட் விலையோடு ஸ்கேன், ஈறு சிகிச்சை, எலும்பு வளர்ப்பது, கேப், வருடாவருடம் பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பராமரிப்புக்குப் போக முடியாது என்று முன்பே தெரிந்தால், ஈறு நோய் இருந்தவர்கள் இம்ப்ளான்ட்டைப் பற்றி மறுபடியும் யோசிப்பது நல்லது.

பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்தால் அவற்றின் மேல் 'பிரிட்ஜ்' கட்டலாம். கழற்றி மாட்டும் பல்செட் இன்னும் செலவு குறைவு. கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு, இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன் மேல் பல்செட்டைப் பொருத்தும் முறையும் உண்டு. சாப்பிடும்போது பல்செட் நழுவும் தொல்லை இதில் வெகுவாகக் குறையும்.

சம்மதம் சொல்லும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் ஈறு நோய் இப்போ எந்த நிலையில இருக்கு? பாக்கெட் அளவு எவ்வளவு?

2. எடுக்கச் சொல்ற பல்லைச் சிகிச்சை கொடுத்துக் காப்பாத்த முடியாதா?

3. ஈறு சிகிச்சை முடிஞ்சு எவ்வளவு நாள் கழிச்சு இம்ப்ளான்ட் வைப்பீங்க?

4. எலும்பு போதுமா? வளர்க்கணும்னா மொத்தம் எவ்வளவு மாசம், எவ்வளவு செலவு?

5. வெச்ச பிறகு எத்தனை மாசத்துக்கு ஒருதடவை வரணும்? அந்தச் செலவு தனியா?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம், எழுத்தில் ஒரு சிகிச்சைத் திட்டத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இம்ப்ளான்ட் வைக்கலாமா, வேண்டாமா என்பது பிறகு. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்றால், முதலில் ஈறைப் பரிசோதிக்க இந்த வாரமே ஓர் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள்.